ஹோல்டான்

அக்டோபர் 3, வெள்ளி. மெல்பர்ன்

கேமரா மாட்டி முடித்தாயிற்று. கேரவனின் பின்சுவரில், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, நட்ட நடுவில். கம்பி கிடையாது. பின்விளக்கிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு படத்தைக் காற்றிலேயே அனுப்புகிறது. காரின் டாஷ்போர்டில் நான் ஒட்டி வைத்திருக்கும் சின்னத் திரையில் அது வந்து விழுகிறது. இடையில் கேரவனின் மொத்த நீளம், தகரச் சுவர்கள், காரின் கூரை. எல்லாவற்றையும் தாண்டிப் படம் ஆடாமல் வருகிறது. டெலிகாமில் காலம் தள்ளி ரிட்டையர் ஆனவன் நான். சிக்னல் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காருக்குப் பின்னால் இந்தச் சக்கர வீட்டை, கேரவனை, இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்பது உலகுவின் ஆசை. உலகம்மாள் என்று முழுப்பெயரை நான் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் இந்த வருஷம்தான் விட்டாள். சரி, அவள் ஆசைப்படி போவோம் என்று நானும் இறங்கிவிட்டேன்.

போன மாதம் வெள்ளோட்டமாகப் பக்கத்தில் ஒரு கேரவன் பார்க்குக்குப் போய் வந்தோம். ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரும்பாடு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் கேரவன் வலப்பக்கம் போகும். உலகுவின் அப்பா தென்காசி-செங்கோட்டைத் தடத்தில் பஸ் கண்டக்டர். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? கீழே குதித்து, பின்னால் போய் நின்று, துண்டை வீசி, "வரலாம்... வரலாம்... லேசா ஒடிங்க... ஒடிச்சு வாங்க... நேரே... ஹோல்டான்" என்று தொண்டை கிழியக் கத்திக் கேரவனை ஓங்கித் தட்டினாள். பார்க்கில் உள்ள வெள்ளைக்காரர்கள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். எனக்கு உயிரே போய்விட்டது.

அதற்காகத்தான் கேமரா வாங்கினேன் என்று இல்லை. பாதுகாப்பு முக்கியம்.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங், விளக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நான் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏணி போட்டு ஏறிக் கேமராவின் கண்ணாடியிலேயே அப்பிவிட்டாள். திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பு.

"ஏட்டி, அது லென்ஸு. அதுல போய்ப் பூசிருக்க."

"அதுவும் கண்ணுதானங்க? எல்லாத்துக்கும் வச்சிட்டு அத மட்டும் விட்டா நல்லாவா இருக்கு?"

"துடைச்சு எடு."

"வச்ச பொட்ட ஒடனே அழிக்கக் கூடாதுங்க. வழியில தொடச்சிக்கிடலாம்."

இவளோடு யார் வாயாடுவது.


அக்டோபர் 5, ஞாயிறு. மரே ஆற்றங்கரை

காலையில் கிளம்பி வடக்கே வந்து சேர்ந்தோம். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் உலகு ஐஸ் வாங்கக் கடைக்குள் போனாள். அந்தச் சமயம் பார்த்து ஏறி லென்ஸை ஈரத்துணியால் துடைத்தேன். ஓரத்து இடுக்கில் கொஞ்சம் குங்குமம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. படத்துக்கு அதனால் பாதகமில்லை. பின்னால் வரும் லாரியின் நம்பர்வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

பார்க்குக்கு வந்ததும், "நீ உள்ளேயே இரு, நான் கேமராவைப் பாத்து எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

"இருக்கட்டும்ங்க, ஒரு ஒத்தாசைக்கு" என்று அதற்குள் இறங்கிவிட்டாள்.

வழக்கம்போல் ஆரம்பித்தாள். இந்தக் கேமராவில் ஒரு மைக்கும் உண்டு. அதை நான் யோசிக்கவே இல்லை. வெளியே ஒரு உலகு, திரைக்குள் ஒரு உலகு. இரண்டு பேரும் சேர்ந்து "ஒடிங்க, ஒடிங்க" என்றால் மனுஷன் என்ன செய்வான்? கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, திரையின் பக்கத்திலிருந்த பொத்தானை அமுக்கினேன். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து, இல்லாமலேயே போயிற்று. காருக்குள் அப்படி ஓர் அமைதி. திரையில் அவள் வாய் மட்டும் அசைந்தது. கேரவன் அழகாகப் போய் நின்றது.

பக்கத்து இடத்தில் நோயல் என்று ஒரு பெரியவர், அவர் மனைவி பெவ். எழுபதைத் தாண்டியவர்கள். வருஷத்தில் பாதி நாள் கேரவனிலேயே குடித்தனமாம். நோயல் வந்து கைகொடுத்து, உங்கள் மனைவிக்கு நல்ல குரல் என்றார். கிண்டல்தான். எனக்கா தெரியாது.


அக்டோபர் 6, திங்கள்

கேமரா பிரமாதம். உலகு தோசை சுட்டு நோயல் வீட்டுக்குக் கொடுத்தாள். தட்டு திரும்பி வரும்போது அதில் கேக் இருந்தது.


அக்டோபர் 7, செவ்வாய்

ஆற்றை ஒட்டினாற்போல் உள்ள இடம் நாளை காலியாகிறதாம். காலையில் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று பார்க் ஆபீஸில் சொன்னார்கள். உலகுவுக்கு ஏக சந்தோஷம். ஜன்னலைத் திறந்தால் ஆறு.

வண்டியை மாற்றும்போது அவள் இறங்கக் கூடாது என்பதை இன்றைக்கே பக்குவமாகச் சொல்லிவிட நினைத்தேன்.

"இங்கபாரு, நாளைக்கி நீ வெளிய வந்து நிக்காத. ஒனக்கு முட்டி வலி. வெயில்ல நின்னு தொண்டத்தண்ணி வத்தக் கத்த வேண்டாம்னுதான் கேமராவே வாங்குனது."

அவள் என்னையே பார்த்தாள்.

"எனக்காகவா வாங்குனீங்க?"

"பின்ன?"

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடிக்குமே என்று புளிமிளகாய் வைத்தாள். அதற்கு முன்னால் வேலியோரம் நின்று பெவ்விடம் தன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: என் வீட்டுக்காரர் என் முட்டிக்காகக் கேமரா வாங்கியிருக்கிறார் என்று. பெவ், நோயலைக் கூப்பிட்டு அதையும் கேட்கச் சொன்னார். நான் உள்ளே போய் எதையோ தேடுகிறவன் மாதிரி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.


அக்டோபர் 8, புதன்

உலகுவுக்குக் காலில் அடி. கணுக்கால் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் பூட்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். கேமரா சிக்னல் சரியாக இல்லை.


அக்டோபர் 9, வியாழன்

நேற்று முழுதாக எழுத முடியவில்லை. நடந்ததை முறையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் இடம் மாற்றினோம். உலகுவைப் பழைய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்த்தி, டீயும் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அவள் அங்கேயே இருந்திருக்க வேண்டும். புது இடத்தின் இடப்பக்க மூலையில் தண்ணீர்க் குழாய்க் கம்பம் ஒன்று நிற்கிறது. இடுப்பு உயரம்கூட இல்லை. அது கேமராவுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று இவளுக்குச் சந்தேகம். டீயை வைத்துவிட்டு ஓடிவந்து கம்பத்துக்கு முன்னால் நின்றிருக்கிறாள். கேரவனின் பின்மூலை அவள் காலைக் கம்பத்தோடு சேர்த்து அமுக்கிவிட்டது. நோயல் ஓடிவந்து என் கார்க் கண்ணாடியில் மடார் மடார் என்று அறைந்த பிறகுதான் நிறுத்தினேன்.

நான் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இதைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்படி ஆயிற்று என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் உலகு, என் தப்புத்தான், அவர் வராதே என்றார், நான் கேட்கவில்லை, அவருக்குச் சத்தம் கேட்டிருந்தால் உடனே நிறுத்தியிருப்பார் என்றாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் எனக்காக வக்காலத்து.

சர்க்கரை வியாதி இருப்பதால் எலும்பு கூட நாளாகும், மாத்திரையோடு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் சிட்னியிலிருந்து செண்பகா கூப்பிட்டாள். எங்களுக்கு ஒரே மகள். போனை ஸ்பீக்கரில் போட்டு உலகுவின் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"எப்படிப்பா ஆச்சு? கேமராதான் இருக்குல்ல, அம்மா நிக்கிறது தெரியலயா?"

"தெரியலம்மா."

"ஏன் தெரியல?"

அவள் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே ஒரு 'ஏன்' போதாது. சிக்னல் என்று சொன்னால், நீங்கள் அதில் புலி ஆயிற்றே என்பாள். என் வாயில் வந்தது இதுதான்:

"ஒங்கம்மா பூஜ அன்னைக்கி லென்ஸ்லயே சந்தனத்த அப்பிட்டா. அது மறச்சிட்டு."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உலகுவைப் பார்த்தேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கியிருந்தாள்.

"நான் வச்சதா?" என்றாள். "அன்னைக்கே தொடைக்கச் சொன்னீங்களே. நான்தான வேண்டாம்னேன்."

"விடு, விடு. போனது போச்சு" என்றேன். பெருந்தன்மையாக.

சந்தனம் மறைத்திருக்காது என்று சொல்வதற்கும் இல்லை. லென்ஸ் ஓரத்தில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.


அக்டோபர் 10, வெள்ளி

காலையில் இட்லி ஊற்றி, தட்டில் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள்.

"கால் சரியாகுற வரைக்கும் ஒருபொழுதுங்க. ராத்திரி மட்டும் சாப்பிட்டுக்கிடுதேன்."

"என்னத்துக்கு?"

"சாமி காரியத்துல கொற வச்சிட்டேன்லா. பாக்குற கண்ண மறச்சு யாராவது பொட்டு வைப்பாங்களா? திருமலைக் குமரன்கிட்ட வேண்டிக்கிட்டேன். கால்லதான் போட்டான், அதோட விட்டானே."

"ஏட்டி, டாக்டர் என்ன சொன்னாரு? மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட கெடப்பியா?"

"அவன் பாத்துக்கிடுவான்."

நான் கோபப்பட்டேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். சாமியாவது பூதமாவது, இதெல்லாம் மூடத்தனம் என்றேன். அவள் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. கேரவனுக்குள் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் நோயல் வந்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். பிறகு, நீங்கள் உள்ளே பாட்டு எதுவும் போட்டிருந்தீர்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவள் கூப்பிட்டது எங்கள் கேரவனுக்குள்ளேயே கேட்டது, பெவ் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள் என்றார். நான் சிக்னல் தடங்கல் என்று ஆரம்பித்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு, எதிரே வருகிற ஆளெல்லாம் தட்டைப் பார்ப்பது போலவே இருக்கும்.


அக்டோபர் 11, சனி

காலையில் உலகுவின் கைகள் ஜில்லென்று இருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை. "என்னமோ மாதிரி வருதுங்க" என்றவள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குற்றாலம் என்று. ஒருநாளும் என் பெயரை அவள் சொன்னதில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பெவ்வைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, ஆரஞ்சு ஜூஸில் சர்க்கரையைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் முதல் கேள்வி, "ஜூஸ் குடிச்சா ஒருபொழுது கெட்டுருமா?"

பெவ் என்னை வெளியே கூப்பிட்டு, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். விரதம் என்றேன். எதற்கு என்றார். பூஜையில் ஒரு தவறு, அதற்குப் பிராயச்சித்தம் என்று விளக்கினேன். என்ன தவறு என்றார். இந்த ஊர்க்காரர்கள் பொதுவாக இத்தனை கேள்வி கேட்கிறவர்கள் இல்லை.

போகும்போது பெவ் இன்னொன்றும் சொன்னார். அவரும் நோயலும் ஒவ்வொரு முறை ரிவர்ஸ் எடுக்கும்போதும் சண்டை போட்டு, அன்றைக்கு முழுக்கப் பேசிக்கொள்ளமாட்டார்களாம். நீங்கள் வந்த அன்று உங்கள் மனைவி வண்டியை உள்ளே வரவழைத்த அழகைப் பார்த்து, இதுபோல ஒருத்தி பின்னால் நின்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமே என்று நோயல் சொன்னாராம். குரல் நன்றாயிருக்கிறது என்று அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எழுதிவிடுகிறேன். இங்கேகூட எழுதாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

படம் தெளிவாக இருந்தது. சந்தனத்தை நான் முதல் நாளே துடைத்துவிட்டேன். சிக்னல் ஒரு நொடிகூடப் போகவில்லை. திரையின் இடதுகோடியில் உலகு நின்றதைப் பார்த்தேன். நீலப் புடவை. இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். வந்துவிட்டாளா, சொன்னால் கேட்கிறாளா, ஊரைக் கூட்டுகிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தம் கேட்டிருந்தால் அந்தக் குரலின் வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் கேட்ட குரல், தெரியாமலா போகும். திரையில் சத்தம் இல்லை, கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடியது. அவள் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தேன். எல்லாரும் பார்க்கிறார்களே என்று பக்கத்து இடங்களைத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அவள் 'ஹோல்டான்' என்று கத்தியதாக நோயல் சொன்னார். இங்கிலீஷ் வார்த்தைதானே, எங்களுக்கும் புரிந்தது என்றார்.

நாளைக் காலையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும். பொட்டின் மேல் குற்றமில்லை, சாப்பிடு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். முட்டிக்காக வாங்கியது என்று சந்தோஷப்பட்டவளிடம், உன் வாயை மூட வாங்கியது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? வெட்கமாக இருக்கிறது. கல்யாண வீடுகளில், செண்பகாவின் பள்ளிக்கூட விழாக்களில், ஆபீஸ் விருந்தில், 'மெதுவாப் பேசு' என்று இவள் முழங்கையை எத்தனை தடவை இடித்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத வெட்கம் இது.


அக்டோபர் 12, ஞாயிறு

இன்று வீட்டுக்குத் திரும்புகிறோம் என்று முடிவு. காலையில் உலகுவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து முன்சீட்டில் உட்காரவைத்தேன். காலுக்குக் கீழே தலையணை. வெயில் ஏறியதால் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக் கதவைச் சாத்தினேன். காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் போட்டுவிடாமலிருக்க மாத்திரையை மட்டும் ஒளித்துவைத்துவிட்டேன். என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

கேரவனைக் காரோடு பூட்ட நோயல் உதவினார். பிறகு தண்ணீர்க் குழாயைச் சுருட்டப் போய்விட்டார். நான் பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கப் பின்னால் வந்தேன். அப்போது செண்பகா கூப்பிட்டாள்.

"அப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கேமரா ரெக்கார்டும் பண்ணும்ல? அதோட மெமரி கார்ட எனக்கு அனுப்புங்க. என்ன மறச்சாலும் இவ்ளோ மோசமா மறைக்கக் கூடாதுல்ல. வித்தவன்கிட்ட நான் கேக்குறேன்."

கார்டு. அதில் எல்லாமே இருக்கும். நீலப் புடவை, தூக்கிய கைகள், எல்லாம். காரின் முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். எட்டத்தில் இருந்தது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. இங்கே நின்று பேசினால் உலகுவுக்குக் கேட்காது.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஏன்?"

"அதுல ஒண்ணும் மறைக்கல."

"என்னப்பா சொல்றீங்க?"

"சந்தனத்த நான் மொத நாளே தொடச்சிட்டேன். படம் நல்லாத்தான் தெரிஞ்சுது. ஒங்கம்மா நிக்கத நான் பாத்தேன். அவ கத்துனது கேக்கல. சத்தத்த நான்தான் கொறச்சு வச்சிருந்தேன்."

அவள் மறுபடியும் ஏன் என்று கேட்டாள். இந்த முறை குரல் வேறாக இருந்தது.

"அவ கத்துனா எல்லாரும் பாக்காங்க. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதுக்குத்தான் கேமராவே வாங்குனேன். முட்டிக்குன்னு அவகிட்ட சொன்னது பொய். அம்மாகிட்ட சொல்லிராதம்மா. நானே சொல்லிக்கிடுதேன். பொட்டுதான் காரணம்னு நெனச்சிட்டுப் பட்டினி கெடக்கா."

"இப்பவே போய்ச் சொல்லுங்கப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் செண்பகா.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். காரின் கதவைத் திறந்தேன்.

காருக்குள் காக்கட்டூ கத்தியது. கேரவனுக்குப் பின்னால் மரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கட்டூக் கிளிகள். நோயல் குழாயைத் தரையில் இழுக்கும் சத்தம், தூரத்தில் பெவ் அவரை ஏதோ கேட்கிற சத்தம், எல்லாம் பக்கத்தில் நின்று கேட்பது போல அவ்வளவு துல்லியமாக வந்தது. திரையில், ஒரு நிமிஷம் முன்னால் நான் நின்ற இடம் தெரிந்தது. பச்சைக் கோடுகள் கடைசிவரைக்கும் ஏறியிருந்தன. உலகுவின் விரல் இன்னும் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்கு" என்றாள். "சோறு எடுத்துட்டு வாங்க."

கேரவனுக்குள் ஓடினேன். நேற்றுச் சோறு இருந்தது. சுடவைத்தேன். தயிர் ஊற்றினேன். புளிமிளகாய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் தட்டில் பாதியைச் சிந்தி, மறுபடியும் போட்டுக்கொண்டு போனேன். மடியில் துண்டை விரித்து, தட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். பிசைந்து உருட்டி நிதானமாகச் சாப்பிட்டாள். நான் வெளியே வெயிலில் நின்றுகொண்டு, "ஒலகு, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

போட்டேன். அதையும் சாப்பிட்டாள். பெவ் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்து, சாப்பிடுகிறாயா, நல்லது நல்லது என்றார். உலகு கண்ணாடியை இறக்கி, பார்க் முழுக்கக் கேட்கும்படியாக, தன் இங்கிலீஷில், விரதம் முடிந்துவிட்டது பெவ், மெல்பர்ன் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், தோசை சுட்டுத் தருகிறேன் என்றாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அவர்கள் பார்த்ததற்காக இல்லை.

தட்டிலேயே கையைக் கழுவினாள். துண்டால் வாயைத் துடைத்தாள். தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, காய்ச்சலில் கிடந்த நாளிலும், சண்டை போட்ட நாளிலும், நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் அவள் கைகழுவியதில்லை. இன்றைக்குக் கேட்கவில்லை.